மென்று உண்ட களி

எங்கள் பக்கம் களியை மெல்ல மாட்டார்கள். கொதிக்கிற தண்ணீரில் ராகி மாவைப் போட்டு, துடுப்பால் கிண்டி, உருண்டையாக்கித் தட்டில் வைத்து, நடுவில் குழி பண்ணிக் குழம்பை ஊற்றுவோம். ஒரு வாய்க்கு ஆகிற மாதிரி கிள்ளி, குழம்பில் புரட்டி வாயில் போட்டால், அது தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டும், ருசியும் கெட்டுவிடும். வெளியூர் ஒறம்பரை, சொந்தக்காரர் யாராவது வந்து களியை மென்றுகொண்டிருந்தால், பரிமாறுகிற பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் சமையல்கட்டுக்குள் ஓடுவார்கள். நான் பிறந்தது பனமரத்துப்பட்டி ஏரிக்குப் பக்கம். கட்டிக்கொடுத்தது பரமத்தி வேலூர்ப் பக்கம், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற குடும்பத்தில். இரண்டு ஊரிலும் களியை முழுங்குகிற விதம் ஒன்றுதான்.

அந்தக் களிதான் முதலில் எனக்குள் நின்றது.

தொண்டையைத் தாண்டிவிட்டது. நெஞ்சு நடுவில் வந்து, வாய்க்காலில் மட்டை அடைத்த மாதிரி நின்றுகொண்டது. வலி என்று சொல்ல முடியாது. ஒரு பாரம். தண்ணீர் குடித்தேன், அந்தத் தண்ணீரும் அதன் மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் மெதுவாக இறங்கிவிட்டது. அவசரமாக விழுங்கியிருப்பேன் என்று விட்டுவிட்டேன். பிறகு இட்லி நின்றது. சோறு நின்றது. சோற்றை ரசம் விட்டுக் குழையப் பிசைந்து உண்டேன். அதுவும் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் கஞ்சியாகக் கரைத்துக் குடித்தேன்.

இது ஒருத்தருக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் எங்கள் வீட்டுக்காரர் முதலில் உண்பார். அவர் கொடிக்காலுக்குப் போன பிறகு, வெற்றிலை கிள்ள வருகிற ஆட்கள் உண்பார்கள். எல்லாரும் போன பிறகு அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு நான் உண்பேன். மாமியார் இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். மாமியார் போய், மகளையும் ஆத்தூரில் கட்டிக்கொடுத்து, வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஆன பிறகும் பலகை அங்கேயேதான் கிடந்தது. எனக்கும் அது தோதாக இருந்தது. நாலு பேருக்கு முன்னால் வாயைத் திறந்து உண்பதற்கே எனக்குக் கூச்சம். கல்யாணப் பந்தியில்கூடக் கடைசி வரிசையில் மூலையாகப் பார்த்துத்தான் உட்காருவேன்.

"ஏம்புள்ள, இப்புடி எளச்சுட்ட?" என்று ஒருநாள் வீட்டுக்காரர் கேட்டார்.

"பொரட்டாசிங்க. வெரதம்," என்றேன்.

புரட்டாசி போய் ஐப்பசி வந்தது. அவர் அதற்கப்புறம் கேட்கவில்லை. பெண்களுக்கு மாதத்துக்கு ஒரு விரதம் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

பக்கத்து வீட்டுக்காரியிடம் மட்டும் ஜாடையாகச் சொன்னேன். அவள் கேட்ட உடனே, "அட, இது தொக்கமுங்க அக்கா. தின்னது எதோ செரிக்காம ஒட்டிக்கிட்டு நிக்குது. தொக்கம் எடுத்தாச் சரியாப் போயிரும்," என்று பஸ் ஏற்றிக் கூட்டிப் போனாள். தொக்கம் எடுக்கிற அம்மா வயசானவர். ஒரு சின்னக் குழலை என் தொண்டையில் வைத்து உறிஞ்சினார். தன் உள்ளங்கையில் துப்பிக் காட்டினார். தேங்காய்ச் சில்லு மாதிரி ஒன்று கிடந்தது.

"பாத்துக்க சாமி. இதுதான் நின்னுருக்குது," என்றார்.

கண்ணால் பார்த்த பிறகு நம்பாமல் இருக்க முடியுமா? பஸ்ஸில் திரும்பி வரும்போதே நெஞ்சு லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து ஆசையாக ஒரு வாய் சோறு எடுத்தேன். அது போய், பழைய இடத்தில், பழைய மாதிரியே நின்றது. அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். கையில் காட்டினாரே, அந்த ஆறுதலுக்காகவே இன்னொரு தடவையும் போய்வந்தேன்.

தை மாதம் மகள் வந்தாள். அவள் ஆத்தூரில் ஒரு ஜவ்வரிசி மில்லில் கணக்கு வேலை பார்க்கிறாள். அவரைக்கொட்டைக் குழம்பும் களியும் வேண்டும் என்று கேட்டாள். அவள் அப்பா உண்டுவிட்டுப் போனதும், இரண்டு தட்டை எடுத்துவந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, "வாம்மா, ஒண்ணா உண்ணலாம்," என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ உண்ணு கண்ணு. நான் பொறவு உண்ணுக்கறேன்."

"ஏன், உனக்குத் தனியாக் கறி ஒளிச்சு வெச்சிருக்கியா?"

தட்ட முடியவில்லை. நெல்லிக்காய் அளவு கிள்ளிப் போட்டேன். நின்றுவிட்டது. அவள் மில் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன். வாயில் எச்சில் ஊறி ஊறி வருகிறது, விழுங்க வழியில்லை. எழுந்து புறக்கடைக்குப் போய்விட்டேன். வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பினால் வாழை மரத்துக்குப் பக்கத்தில் செம்பில் தண்ணீரோடு நிற்கிறாள்.

"எத்தன நாளா?"

"இன்னிக்குத்தான் சாமி."

அவள் உள்ளே போனாள். அடுப்புக்குப் பின்னால் மூடி வைத்திருந்த என் கஞ்சிக் குண்டாவைத் திறந்து பார்த்தாள். அப்படியே உட்கார்ந்து அழுதாள். அவள் எந்த வியாதியை நினைத்து அழுதாள் என்பது எனக்குத் தெரியும். அதைத்தான் நானும் ராத்திரி படுக்கையில் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேரை இரண்டு பேருமே வாயில் எடுக்கவில்லை.

சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனோம். டாக்டர் கண்ணாடி போட்ட நடுத்தர வயசு மனிதர். தெற்குச் சீமைக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. "எவ்வளவு நாளா இப்படி இருக்கும்மா?" என்று என்னைத்தான் கேட்டார். நான் வழக்கம் போல வீட்டுக்காரரைப் பார்த்தேன். வெளியில் என்னை யார் எது கேட்டாலும் பதில் அவர்தான் சொல்வார்.

"கொஞ்ச நாளாச் சரியா உண்றதில்லைங்க," என்றார் அவர்.

"கெட்டியா சாப்பிட்டா நிக்குதா, தண்ணி குடிச்சாலும் நிக்குதா?"

அவர் என்னைப் பார்த்தார்.

"சாப்பிட்டது திரும்ப மேல வருதா?"

மறுபடியும் என்னைப் பார்த்தார். டாக்டர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"ஐயா, இவங்க சாப்பிடும்போது நீங்க பாத்திருக்கீங்களா?"

அவர் நிஜமாகவே யோசித்தார். மேலே ஃபேனைப் பார்த்து யோசித்தார். "சோறு போடறதப் பாத்திருக்கறனுங்க," என்றார்.

மகளுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "நீங்களே சொல்லுங்கம்மா. மெதுவாச் சொல்லுங்க, நான் இருக்கேன்," என்றார். நான் முந்தானையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். களி, இட்லி, சோறு, கஞ்சி என்று வரிசையாகச் சொன்னேன். தொக்கம் எடுத்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. சொல்லிக்கொண்டு வரும்போது பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரர் துண்டை மடியில் வைத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் முடிந்து டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். உணவுக்குழாயில் ஒரு கட்டி இருக்கிறது, பார்த்த வரைக்கும் அது கெட்ட கட்டியாகத் தெரியவில்லை, சாதாரணச் சதைக்கட்டிதான் என்றார். மகள் விடவில்லை.

"ஒரு துண்டு எடுத்து டெஸ்ட் பண்ணலீங்களா சார்?"

"உள்தோல் வழவழன்னு நல்லா இருக்கும்மா. கட்டி அதுக்குப் பின்னாடி இருக்கு. இப்பத் துண்டு எடுக்கறேன்னு தோலைக் காயம் பண்ணுனா அங்க ஒட்டிக்கும். அப்புறம் கட்டியைப் பிரிக்கும்போது கிழிஞ்சிரும். முழுசா எடுத்து டெஸ்டுக்கு அனுப்பலாம்."

எங்கள் முகத்தைப் பார்த்து, புரியவில்லை என்று தெரிந்துகொண்டார். "சைக்கிள் வச்சிருக்கீங்களாய்யா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார்.

"டிவிஎஸ் வண்டி இருக்குதுங்க."

"சரி, அதுல உள்ள டியூப் இருக்கு, வெளிய டயர் இருக்கு. உணவுக்குழாயும் அப்படித்தான். உள்ள தோல், வெளிய சதை. கட்டி டயர்ல இருக்கு. டியூப்பை நெருக்குது, அதான் சோறு இறங்கல. நாங்க பக்கவாட்டுல, வலது பக்க விலாவுல சின்னச் சின்னதா ஓட்டை போட்டு, கேமரா விட்டு, டயரை லேசாக் கீறி, கட்டியை மட்டும் உருவி எடுத்துருவோம். டியூப் கிழியாமப் பாத்துக்கணும். கஷ்டமே அதுதான்."

எங்கள் வீட்டுக்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அப்போதுதான் அவருக்கு முகம் தெளிந்தது. "கிழிஞ்சிருக்குதான்னு எப்புடிங்க கண்டுபுடிப்பீங்க?"

"உள்ள தண்ணி ஊத்தி, வாய் வழியா விட்ட குழாயில காத்து அடிச்சுப் பாப்போம்."

"கொப்புளம் வருதான்னுங்களா? பஞ்சர் கடையாட்டம்?"

"அதே மாதிரிதான்யா."

"அப்பச் சரிங்க," என்றார், வண்டியைக் கடையில் விட்டுவிட்டு வருகிற மாதிரி.

எனக்குப் பயம் போகவில்லை. செத்துப்போவேனோ என்பதைவிட, மயக்கத்தில் கிடக்கும்போது யார் யார் பார்ப்பார்களோ என்பதுதான் பெரிதாக இருந்தது. இதைப் போய் யாரிடம் சொல்வது? ஆபரேஷனுக்கு முன்னால் நகையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். மூக்குத்தி மட்டும் வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் போட்ட திருகு அது. ஆத்தூர்ப் பக்கத்து நர்ஸ் பெண் ஒருத்தி எண்ணெய் விட்டுத் திருகிப் பார்த்து, "என்னாம்மா இது, மூக்கோடவே மொளச்சிதா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த நேரத்தில் திருகு கழன்றது. "உள்ள ஒரு பொம்பள டாக்டரும் இருக்காங்க. நானும் கூடத்தான் இருப்பேன். துணியெல்லாம் போத்தித்தான் வச்சிருப்போம்," என்று காதோரம் சொன்னாள். நான் கேட்கவே இல்லை. என் முகத்தில் எழுதியிருந்தது போல.

கண் திறந்தபோது வலது விலாவில் ஒரு குழாய் சொருகியிருந்தது. மூச்சை இழுத்தால் அந்த இடம் பிடித்தது. எங்கள் வீட்டுக்காரரை உள்ளே விட்டார்கள். கைக்குட்டையில் மூக்குத்தியை முடிந்து வைத்திருந்தார். எனக்குக் குரல் வரவில்லை. ஆனாலும் முதலில் கட்டியைப் பற்றித்தான் கேட்டேன்.

"காட்டுனாங்களா?"

"காட்டுனாங்க."

"எப்புடி இருந்துது?"

அவர் கட்டிலோரமாகக் குனிந்து, யாருக்கும் கேட்கக் கூடாத மாதிரி சொன்னார். "மில்லுல ஜவ்வரிசிக்கு அரைப்பாங்களே, தோலுரிச்ச அந்தக் குச்சிக்கெழங்காட்டம் வெள்ளையா, கெட்டியா இருந்துது. கெழங்க நடுவுல வெட்டுனா ஒரு துண்டு வருமே, அத்தாச்சோடு, அவ்வளவு பெருசு."

"டியூப்பு?"

"கிழியல. கொப்புளமே வல்லையாமா."

அடுத்த நாள் டாக்டர் வந்தபோது, வெட்கத்தை விட்டு, நானும் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அது டெஸ்டுக்குப் போய்விட்டது என்று செல்போனில் படத்தைக் காட்டினார். படம் நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் அந்தத் தொக்கம் எடுக்கிற அம்மா மாதிரி உள்ளங்கையில் வைத்துக் காட்டியிருந்தால் இன்னும் திருப்தியாக இருந்திருக்கும்.

சில நாட்கள் வாய் வழியாக ஒன்றும் இல்லை. பிறகு ஒரு ரூமில் நிற்க வைத்து, மருந்துத் தண்ணீரை வாயில் வைத்து, சொல்லும்போது விழுங்கச் சொன்னார்கள். எதிரே டிவி மாதிரி ஒரு பெட்டியில் நான் விழுங்குவது தெரிந்தது. நாலைந்து பேர் நின்று பார்க்கிறார்கள். பந்தியில் மூலை தேடி உட்காருகிற எனக்கு, சோறு இறங்குகிற வழியையே ஊருக்குக் காட்டும்படி ஆயிற்று. கூச்சத்தோடு கூச்சமாக நானும் ஓரக்கண்ணால் பார்த்தேன். கறுப்பாக ஒரு கோடு. மேலேயிருந்து வந்து, அந்தப் பழைய இடத்தைத் தாண்டி, நிற்காமல் கீழே போனது. வழியில் எங்கேயும் கசியவில்லை என்றார்கள். அன்றைக்கு மத்தியானம் வடித்த கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு ஒரு டம்ளர் கொடுத்தார்கள்.

டெஸ்ட் ரிப்போர்ட் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. மகள் போனில் சொன்னாள். "ஒண்ணுமில்லம்மா. நல்ல கட்டிதானாம். இனி வராதாம்." "கஞ்சி குடிச்சியா?" என்று கேட்டாள். "குடிச்சேன் சாமி," என்றேன்.

தையல் பார்க்கப் போனபோது, கெட்டிச் சோறு உண்ணலாம் என்று டாக்டர் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக, நிமிர்ந்து உட்கார்ந்து, நன்றாக மென்று, பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு உண்ண வேண்டும் என்றார். நான் தைரியம் பண்ணிக்கொண்டு கேட்டேன். "களி உண்ணலாமுங்களா?"

"தாராளமா. மென்னு சாப்பிடுங்க."

"களிய மெல்ல மாட்டோமுங்க."

"ஏன்?"

அந்த மூக்குத்தி நர்ஸ்தான் பக்கத்தில் நின்றிருந்தாள். "சார், இந்தப் பக்கம் களிய அப்டியே முழுங்கிடுவாங்க சார். மென்னா சிரிப்பாங்க," என்றாள். டாக்டர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "முழுசாவா? தினமுமா?" என்றார். "ஆமாங்க," என்று எங்கள் வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார்.

"அப்ப இன்னும் சில மாசம், நான் சொல்ற வரைக்கும், மென்னுதான் சாப்பிடணும். யார் சிரிச்சாலும் சரி."

"வெத்தலைய மட்டும் மணிக்கணக்கா மெல்லுவாங்க. அந்த வாயிக்குக் களி மெல்லத் தெரியாதுங்களா?" என்றார் வீட்டுக்காரர். என்னை 'மெல்லுவாங்க' என்று மரியாதையாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

ஊருக்கு வந்து களி கிண்டினேன். அவருக்குத் தட்டில் போட்டு வைத்தேன். அவர் கை வைக்கவில்லை. "உந்தட்டு எங்க?" என்றார்.

"நீங்க உண்ணுட்டுப் போங்க."

"பக்கத்துல ஆள் இருக்கோணும்னு சொன்னாங்கல்ல. எடுத்துட்டு வா."

எதிரே உட்கார்ந்தேன். கை கூசியது. கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் அவருக்கு எதிரே உட்கார்ந்து நான் ஒரு வாய் உண்டதில்லை. கிள்ளி வாயில் போட்டு மென்றேன். பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டது. களிம்பு மாதிரி, ருசியே இல்லை. சிரிப்பாரே என்று தலையை நிமிர்த்திப் பார்த்தால், அவரும் மென்றுகொண்டிருந்தார். மாடு அசை போடுகிற மாதிரி, தாடையை அப்படியும் இப்படியும் ஆட்டி, ரொம்பக் கஷ்டப்பட்டு மென்றுகொண்டிருந்தார்.

"உங்குளுக்கென்னுங்க? நீங்க முழுங்குங்க," என்றேன்.

"நீ மெல்லு," என்றார். வாய் ஒட்டிக்கொண்டு பேச்சு சரியாக வரவில்லை.

அப்படியே பழகிவிட்டது. சித்திரையில் என் தம்பி வீட்டு விருந்துக்குப் பனமரத்துப்பட்டிக்குப் போனோம். ராத்திரி ஒறம்பரை எல்லாருக்கும் களியும் கோழிக் குழம்பும். நான் மூலையைத் தேடுவதற்குள், "இங்க ஒக்காரு," என்று வீட்டுக்காரர் தன் பக்கத்தில் இடம் காட்டினார். அத்தனை பேருக்கு நடுவில் இரண்டு பேரும் மென்றோம். தம்பி பெண்டாட்டிக்குக் கண் கூர்மை.

"ஏனுங்க அண்ணா, வேலூர்ல இப்ப களிய மெல்லச் சொல்லிச் சட்டம் போட்டுட்டாங்களா? இல்ல, உங்குளுக்குப் புதுசாப் பல்லு மொளச்சிருக்குதுங்களா?"

பந்தியே சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. எங்கள் வீட்டுக்காரர் அவசரப்படாமல் வாயில் இருந்ததை மென்று முடித்தார். "டாக்டர் சொல்லியிருக்காரு," என்றார்.

"அண்ணிக்குத்தான சொன்னாரு?"

"ஒரு ஊட்டுல ரெண்டு மாதிரி எப்புடி உண்றது? கொழம்பு ஊத்து."

எதற்கு மெல்கிறீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு இதையெல்லாம் வாயால் சொல்ல எனக்கு வராது. எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அஞ்சாம் வகுப்புப் படிப்பு இதற்காவது ஆகட்டும்.

போன மாசம் டாக்டர் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார். கட்டி இருந்த இடமே தெரியவில்லை என்றார். "இனி உங்க வழக்கப்படியே சாப்பிடுங்க. ஆனா சின்னச் சின்னதா," என்றார்.

மறுநாள் காலையில் களி கிண்டினேன். கருவாட்டுக் குழம்பு. இரண்டு தட்டையும் எதிரெதிரே வைத்தேன். நெல்லிக்காய் அளவு கிள்ளி, குழம்பில் புரட்டி, வாயில் போட்டேன். மெல்லவில்லை. அது வழுக்கிக்கொண்டு தொண்டையைத் தாண்டியது. நெஞ்சு நடுவில் அந்த இடத்துக்கு வரும் என்று கையில் தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அது எப்போதோ தாண்டிப் போய்விட்டிருந்தது. வயிற்றில் சூடாகத் தெரிந்தது.

"போச்சா?" என்றார் அவர்.

"போயிருச்சுங்க."

இன்னொன்று கிள்ளினேன். அதுவும் போனது. களியின் ருசி திரும்பி வந்திருந்தது. கருவாடும் நல்ல கருவாடு. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், அவர் இன்னும் மென்றுகொண்டே இருந்தார்.

"இனி நீங்க மெல்ல வேண்டாமுங்க. டாக்டர் சொல்லிட்டாருல்ல."

"உனக்குத்தான சொன்னாரு," என்றார். "எனக்கு இதுதான் ருசியா இருக்குது."

தட்டில் களி தீர்ந்ததும் எனக்கு இன்னும் பசித்தது. அடுப்புக்குப் பக்கம் எழுந்து போகாமல், சட்டியைக் கை நீட்டி இழுத்து, அவருக்கு முன்னாலேயே இன்னொரு உருண்டை போட்டுக்கொண்டேன்.